கடற்படைக் கைத்துப்பாக்கி சேகரிக்க வருகிறவர்களுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் புழங்கிய சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகளை நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். பிரிட்டனில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலருக்கு இதில் ஆசை பிறந்திருக்கிறது. எங்கே வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். ஆனால் பார்க்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள் என்பதே என் கட்சி. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உள்ளே மருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி எது கைக்கு வந்தாலும், காலியாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும், நீங்களே சோதிக்கும்வரை நம்பாதீர்கள். கெட்டித்த மருந்தையும் குண்டையும் வெளியே எடுப்பது சள்ளை பிடித்த வேலை. சுட்டுத் தீர்ப்பதுதான் எளிது. அப்படிச் சுடப்படாமலே சுவரில் மாட்டப்பட்டு, பேரன் கைக்கும் கொள்ளுப்பேரன் கைக்கும் போனவை உண்டு. ஈரம் படாத கரிமருந்து இருநூறு ஆண்டு கழித்தும் பற்றிக்கொள்ளும்.

சோதனை எளிது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக, முட்டும்வரை விடுங்கள். வாய்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழலின் பக்கவாட்டில், தீ உள்ளே போவதற்கான சிறு துளை ஒன்று இருக்கும். குச்சியின் நுனி அந்தத் தீத்துளை வரை எட்டினால் காலி. ஓர் அங்குலமோ அதற்கு மேலோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. துருவாகவோ பழந்துணியாகவோ இருக்கலாம். ஆனால் குண்டும் மருந்தும் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். கம்பி விட்டுக் குத்தவோ சூடுபடுத்தவோ கூடாது. குழல் யார் பக்கமும் பார்க்காதபடி வைத்துவிட்டு, பழந்துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளியை அழையுங்கள்.

2. இது எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

எதிரிக் கப்பலோடு கப்பலை உரசி நிறுத்தி, கயிற்றில் தொற்றி, பலகை தாண்டி, ஒரு கையில் கட்லாஸ் வாளோடு அடுத்த தளத்தில் குதிக்கிறவனுக்காகச் செய்த கருவி இது. பதினெட்டாம் நூற்றாண்டுப் படைப்பில் குழல் சுமார் 12 அங்குலம் இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் 9 அங்குலம் அளவுக்குக் குறுகியது. குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 0.56 அங்குலம். வால்நட் மரக் கட்டை, பித்தளைப் பூண்கள், மரத்தாலான கெட்டிக்கும் கோல். அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் நீளமான எஃகுக் கொக்கி ஒன்று ஓடும். கயிறு ஏறும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதால், துப்பாக்கியை இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொள்ள அந்தக் கொக்கி.

இது ஒரே ஒரு முறைதான் சுடும். மோதலின் நடுவில் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் கிடைக்காது. கடல் ஈரத்தில் அந்த ஒரு குண்டும் சில நேரம் கிளம்பாது. அதன் பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடிக்க வேண்டியதுதான். பிடியின் அடியில் கனத்த பித்தளை மூடி பொருத்தப்பட்டிருப்பது கட்டை பிளக்காமல் காக்கவும் செய்யும், அந்த அடிக்கும் உதவும். 1801 மே 6 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காக்ரேன் பிரபு 'ஸ்பீடி' என்ற சின்னக் கப்பலில் 54 பேரை வைத்துக்கொண்டு, 319 பேர் இருந்த 'எல் காமோ' என்ற ஸ்பானியக் கப்பலில் ஏறி அதைப் பிடித்தார். சுக்கான் சக்கரத்தைப் பிடிக்க மருத்துவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் ஏறினார்கள். அந்த மாதிரிச் சண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கடற்படைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் கனம், பிடியின் வளைவு, கொக்கியின் நீளம் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும். வெள்ளிக் கம்பி பதித்து, இலையும் கொடியும் செதுக்கிய ஒன்றை 'கடற்படைத் துப்பாக்கி' என்று நீட்டினால் ஏன் தயங்க வேண்டும் என்பதும் விளங்கும்.

அதிகாரிகள் தம் சொந்தக் காசில் வாங்கிய கைத்துப்பாக்கிகள் வேறு வகை. ஹென்றி நாக், டர்ஸ் எக், மான்டன் சகோதரர்கள் போன்ற லண்டன் தொழிலாளிகள் செய்தவை அவை. அழகானவை, விலையும் அதிகம். இரண்டையும் ஒரே தட்டில் போடாதீர்கள். ஆரம்பிக்கிறவர்கள் அரசாங்கப் படைப்போடு நிற்பது நல்லது. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒழுங்கு இருக்கும் இடத்தில் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும்.

3. யாருடைய உடைமை என்று கேளுங்கள்.

இந்தத் துப்பாக்கிகள் எந்த மாலுமிக்கும் சொந்தமாக இருந்ததில்லை. அவை அரசருடையவை. ஆயுத வாரியம் கப்பலுக்குக் கொடுக்கும். கப்பலில் ஆயுதப் பெட்டிகளில் பூட்டி வைப்பார்கள். தேவை வந்தால் எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பார்கள். கட்டாயப்படுத்திப் பிடித்துவரப்பட்ட ஆட்களும் இருந்த தளத்தில் ஆயுதத்தை யார் கையிலும் விட்டுவைக்க முடியாது. 1789இல் 'பவுன்டி' கப்பலில் கலகம் செய்த பிளெட்சர் கிறிஸ்டியன் முதலில் வாங்கியது ஆயுதப் பெட்டியின் சாவியைத்தான், சுறாவைச் சுட வேண்டும் என்று சொல்லி.

ஆகவே, "எங்கள் முப்பாட்டனார் டிரஃபால்கர் போரில் வைத்திருந்தது" என்ற கதையோடு வரும் துப்பாக்கியை அதிகக் கவனத்தோடு பாருங்கள். கதை சொல்கிறவர் பொய் சொல்லாமல் இருக்கலாம். அவருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருப்பார்கள். கப்பலின் பெயரைத் துப்பாக்கியில் பொறிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. கிடங்குக்குத் திரும்பிய துப்பாக்கி அடுத்த முறை வேறு கப்பலுக்குப் போகும். 'விக்டரி' என்ற கப்பலின் பெயரை அழகான எழுத்தில் குழலில் வெட்டியிருந்தால், அந்த எழுத்து துப்பாக்கியைவிட நூறு ஆண்டு இளையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். பொருளுக்கு மட்டும் கொடுங்கள். கதை உண்மையாக இருந்தால் அதற்கான காகிதம் கூடவே வரும்.

4. முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையின் எழுத்தறிவு இதுதான். இதற்குக் கொடுக்கும் காலம் எதுவும் வீண் போகாது.

பூட்டு என்று நாம் சொல்வது கல்லைக் கவ்வி நிற்கும் குதிரை, சிக்கிமுக்கிக் கல், கல் உரசும் தகடு, மருந்துக் குழி எல்லாம் பொருத்திய அந்த எஃகுத் தட்டு. அதன் நடுவில் கிரீடமும் அதன் கீழ் ஜி.ஆர். என்ற எழுத்துகளும் இருக்கும். ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு அரசர்கள் வரிசையாக 1714 முதல் 1830 வரை ஆண்டார்கள். எனவே அந்த எழுத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. மருந்துக் குழிக்குக் கீழே சின்னதாகக் கிரீடமும் அம்புக் குறியும் இருக்கும். அது அரசாங்க உடைமை என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டுவதுபோல் அடித்திருந்தால், அரசாங்கம் அதைச் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம்; அந்தத் துப்பாக்கி வெளியே வந்த வழியை அதுவே சொல்கிறது.

தட்டின் வால் பக்கத்தில் 1764க்கு முன் செய்தவற்றில் பூட்டு செய்தவரின் பெயரும் ஆண்டும் இருக்கும்: ஜோர்டன், ஃபார்மர், எட்ஜ், கால்டன் என்று. 1764இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு 'டவர்' என்ற சொல் மட்டும்தான். ஆகவே பெயரும் ஆண்டும் உள்ள கடற்படைப் பூட்டு கிடைத்தால் அது அரிய பொருள். அரிய பொருள் என்பதாலேயே பொய்யாகப் பொறிக்கப்படுவதும் அதுதான்.

'டவர்' என்பது லண்டன் கோபுரம். அங்கேதான் முழுதும் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டுகளும் குழல்களும் பெரும்பாலும் பர்மிங்காம் பட்டறைகளிலிருந்து வந்தன. கோபுரத்தில் அவற்றைச் சோதித்து, முத்திரையிட்டு, கட்டை பொருத்துகிறவர்களிடம் கொடுத்து, திரும்ப வாங்கிச் சேமித்தார்கள். அந்தப் பர்மிங்காம்காரர்களில் கால்டன் குடும்பத்தார் போரையே வெறுக்கும் குவேக்கர் சமயத்தார். துப்பாக்கி செய்து பிழைப்பது எப்படித் தகும் என்று 1795இல் அவர்களுடைய சபையே சாமுவேல் கால்டனைக் கேள்வி கேட்டது. அவர்களுடைய துப்பாக்கிகள் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கும் போயின. ஒரு பூட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சபையின் கேள்வி நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. சேகரிக்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து குழல். அரசாங்கச் சோதனையில் தேறிய குழலின் பின்பகுதியில் கிரீடத்தோடு கூடிய எழுத்தும் அம்பும், குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல்களும் இருக்கும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் முத்திரையோ, 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரையோ இருந்தால், அந்தக் குழல் தனியார் வணிகத்துக்குச் செய்தது. வணிகக் கப்பல்களும் இதே சாயலில் துப்பாக்கி வைத்திருந்தன. அதுவும் உண்மையான பழம்பொருள்தான், ஆனால் அரச கடற்படைத் துப்பாக்கியின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. பூட்டில் அரசாங்க முத்திரை, குழலில் தனியார் முத்திரை என்று இரண்டும் கலந்து இருந்தால் இரண்டு துப்பாக்கிகள் ஒன்றாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. தரைப்படையையும் கடற்படையையும் பிரித்தறியுங்கள்.

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்படைப் பூட்டுத் தட்டும் குதிரையும் தட்டையான முகம் கொண்டவை. குதிரைப்படையினரின் துப்பாக்கியில் அவை பெரும்பாலும் உருண்டிருக்கும். தரைப்படைத் துப்பாக்கியின் பிடிமூடியில் இரண்டு பக்கமும் நீண்ட பித்தளை வால்கள் மேலே ஏறும். கடற்படையில் அவை இருக்காது. கொக்கியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கொக்கி பின்னால் சேர்க்கப்படும், உடைந்தும் போகும், வெட்டியும் எடுக்கப்படும். நெடுங்காலம் இருந்த கொக்கியின் கீழே மரத்தில் அதன் தடம் அழுந்தியிருக்கும். தடம் இல்லாத இடத்தில் கொக்கி இருந்தாலும், தடம் இருக்கும் இடத்தில் கொக்கி இல்லாவிட்டாலும் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

6. போலிகள் மூன்று வழியில் வருகின்றன.

முதலாவது முழுப் போலி. ஆப்கான் எல்லைப் பகுதிகளில் டவர், கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரைகளைப் பார்த்து அடித்த துப்பாக்கிகள் நிறைய. அங்கே போன படைவீரர்கள் நினைவுப் பொருளாக வாங்கி வந்தார்கள். எழுத்து தலைகீழாகவோ பக்கம் மாறியோ இருக்கும். கிரீடம் குழந்தை வரைந்ததுபோல் கோணியிருக்கும். கட்டையில் பித்தளைப் பூக்கள் பதித்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இரண்டாவது, நம் காலத்தில் நடிப்புக்கும் விளையாட்டுச் சுடுதலுக்கும் செய்த மாதிரிகள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இந்தியாவிலும் செய்யப்படுகின்றன. செய்தவர்கள் நேர்மையாகத்தான் செய்கிறார்கள். இடையில் யாரோ நவீன முத்திரையை அரத்தால் தேய்த்து, அமிலத்தில் துருவேற்றி, மரத்தைச் சங்கிலியால் அடித்துப் பழையதாக்கி விடுகிறார்கள். இங்கே பூட்டின் உள்பக்கம்தான் சாட்சி. கையால் செய்த பழைய பூட்டின் உட்புறத்தில் அரம் ஓடிய தடங்களும், பகுதிகளைச் சேர்த்து வைக்கத் தொழிலாளி வெட்டிய சிறு கோடுகளும், சோதித்தவரின் கிரீட எண் முத்திரையும் இருக்கலாம். வார்ப்பில் வந்த புதுப் பூட்டின் உட்புறத்தில் பொடிப்பொடியான குழிகளும் வார்ப்புக் கோடும் இருக்கும். திருகாணியின் மரை இன்றைய மெட்ரிக் அளவில் இருந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. துரு ஒரே சீராக எல்லா இடமும் படர்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். இருநூறு ஆண்டு புழக்கத்தில் ஏற்படும் தேய்வு கை படும் இடத்தில் ஒரு விதமாகவும், கை படாத மூலையில் வேறு விதமாகவும் இருக்கும்.

மூன்றாவதுதான் கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிக் கல் போய், குதிரை அடித்ததும் தீப்பொறி தரும் செப்புக் கேப் வந்தது. கடற்படைக்கு 1842 மாதிரியாகக் கேப் துப்பாக்கி வந்துவிட்டது. பழைய துப்பாக்கிகள் பலவற்றை, மருந்துக் குழியையும் உரசும் தகட்டையும் கழற்றிவிட்டுக் கேப்புக்கு மாற்றினார்கள். அந்த மாற்றமும் வரலாறுதான். ஆனால் சேகரிப்பவர்கள் சிக்கிமுக்கிக்கு அதிக விலை கொடுப்பதால், மாற்றியதை மறுபடி மாற்றி விற்கிற வேலை நடக்கிறது. கட்டை அசல், குழல் அசல், பூட்டுத் தட்டும் அசல். குதிரையும் மருந்துக் குழியும் உரசும் தகடும் மட்டும் புதியவை. தட்டின் உட்பக்கத்தில் அடைத்த துளைகளின் வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். மருந்துக் குழிக்கும் குழலுக்கும் இடையில் காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். உண்மையில் சுடப்பட்ட சிக்கிமுக்கித் துப்பாக்கியில் தீத்துளையைச் சுற்றிக் குழல் அரித்திருக்கும், பக்கத்து மரம் கருகியிருக்கும், உரசும் தகட்டில் மேலிருந்து கீழாகக் கல் கீறிய வரிகள் இருக்கும். எல்லாம் தேய்ந்திருக்கையில் தீத்துளை மட்டும் புத்தம்புதிதாக இருந்தால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. மறுமாற்றம் என்று எழுதி, அதற்கேற்ற விலையில் கொடுத்தால் படிக்க நல்ல பொருள்.

7. வாங்குவதற்கு முன் நிறையப் பாருங்கள், தொடுங்கள்.

லீட்ஸ் நகரில் 1996 முதல் இருக்கும் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் போங்கள். அங்கே கண்ணாடிக்குள் இருப்பவற்றின் அளவும் சாயலும் கண்ணில் பதியட்டும். தொட்டுப் பழக ஏல நிறுவனங்கள் வைக்கும் முன்பார்வை நாள்களைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. காசு எதுவும் கேட்க மாட்டார்கள். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். ஹோவர்ட் பிளாக்மோர் 1961இல் எழுதிய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகள் பற்றிய நூலைத் தேடிப் பிடியுங்கள். முதல் துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் புத்தகத்துக்குச் செலவழிக்கிறவரை நான் நம்புவேன்.

8. நம் கரையோடு இதற்கு உள்ள தொடர்பை அறிந்திருங்கள்.

1782இல் எட்வர்ட் ஹியூஸின் பிரிட்டிஷ் கப்பற்படையும் சஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் நம் கடலிலேயே நான்கு முறை மோதின: பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில், ஜூலையில் நாகப்பட்டினத்தில், செப்டம்பரில் திருகோணமலையில். அடுத்த ஆண்டு ஜூனில் கடலூரிலும் ஒரு முறை. அந்தப் பிரிட்டிஷ் கப்பல்களின் ஆயுதப் பெட்டிகளில் இருந்தவை நாம் பேசும் இந்தத் துப்பாக்கிகள். நம் பிள்ளைகள் இதைச் சேகரிக்க இந்த ஒரு காரணமே போதும் என்பது என் எண்ணம். பள்ளிப் பாடத்தில் கோட்டைகளைப் படித்தோம். அந்தக் கோட்டைகளின் விதியை முடிவு செய்த கடற்சண்டைகளைப் படிக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். 1808 வரை இதய வடிவத்துக்குள் வி.இ.ஐ.சி. என்ற எழுத்துகளும் மேலே 4 என்ற எண் போன்ற குறியும் அடித்தார்கள். அதன் பிறகு பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது. அம்புக் குறி இருக்காது, ஏனென்றால் அவை அரசருடையவை அல்ல. சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தைப் பாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் தஞ்சை அரண்மனையிலிருந்தும் வந்தவை அங்கே இருக்கின்றன.

9. மூன்று சுமாரானதை வாங்கும் பணத்தில் ஒரு நல்லதை வாங்குங்கள்.

முழுமையான, அசலான கடற்படைத் துப்பாக்கி ஆயிரம் பவுண்டுக்குக் கீழே கிடைப்பது அரிது. ஏலத்தில் தட்டிய விலையே கடைசி விலை என்று எண்ண வேண்டாம். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் தன் கட்டணத்தைத் தனியாக வாங்கும், அதன்மேல் வரியும் உண்டு. கால் பங்குக்குமேல் கூடிவிடும். அதைக் கழித்துவிட்டு உங்கள் எல்லையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

கெட்டிக்கும் கோல் மாற்றப்பட்டிருப்பது சகஜம், அதற்காக விடாதீர்கள். கொக்கி இல்லாதது கொஞ்சம் பெரிய குறை. முன்கட்டையில் பிளவு, பூட்டு புதிது, முத்திரை தேய்ந்து படிக்க முடியாத நிலை, இவை பெரிய குறைகள். தனியாரிடம் வாங்கினால், என்ன பொருள், எந்தக் காலம், எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்று விற்பவர் கையெழுத்தோடு ரசீது கேளுங்கள். நல்ல வணிகர் தயங்காமல் எழுதிக் கொடுப்பார். எழுத மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

10. தேய்க்காதீர்கள்.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வாங்கி வந்த அன்றே பித்தளையைப் பளபளப்பாக்க வேண்டும், குழலை வெள்ளையாக்க வேண்டும், கட்டைக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை அது. இங்கே அதை அடக்குங்கள். பித்தளையில் படிந்த பழுப்பும், குழலின் கருமையும், பிடியில் ஊறிய கை எண்ணெயும் சேர்ந்ததுதான் அந்தப் பொருளின் வயதுக்குச் சான்று. மின்விசைத் தூரிகையில் ஒரு முறை பிடித்தால் அம்புக் குறியின் விளிம்பு மழுங்கிவிடும். ஓலைச்சுவடியை வெள்ளையாக்க எழுத்தைச் சுரண்டுவது எப்படியோ அப்படித்தான் இதுவும். போனால் திரும்பி வராது. கடற்படைத் துப்பாக்கிகளில் கறுப்புப் பூச்சோடு கொடுக்கப்பட்டவையும் உண்டு. அழுக்கு என்று நினைத்து நீங்கள் கழற்றுவது அந்தக் காலத்துப் பூச்சாகவே இருக்கக்கூடும்.

செய்யத் தக்கது இவ்வளவுதான். மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடையுங்கள். உயிருள்ள சிவப்புத் துரு இருந்தால், மெல்லிய எண்ணெயைத் தொட்டு வைத்து ஓரிரு நாள் ஊறவிட்டு, துணியாலோ மூங்கில் சீவலாலோ மெதுவாக எடுங்கள். காய்ந்து அடங்கிய பழுப்புத் துருவைத் தொடாதீர்கள். பிறகு உலோகத்துக்கும் மரத்துக்கும் ரினைசன்ஸ் மெழுகை மெலிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான மெழுகு அது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

11. விசையை இழுத்து விளையாடாதீர்கள், கழற்றவும் அவசரப்படாதீர்கள்.

வருகிற விருந்தாளி எல்லாரும் குதிரையை இழுத்து 'டக்' என்று விடத்தான் பார்ப்பார்கள். கல் இல்லாத குதிரை உரசும் தகட்டில் நேராக மோதினால் கல்லைக் கவ்வும் அதன் உதடு உடையும், பூட்டின் உள்ளே பல்லும் தேயும். இருநூறு ஆண்டுப் பழைய விசைவில் எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. குதிரையை எப்போதும் முழுக்கக் கீழே இறங்கிய நிலையில் வையுங்கள். அரைநிலையில் வைத்தால் விசைவில் நாள் முழுதும் இறுக்கத்தில் கிடக்கும்.

பூட்டைக் கழற்றி உட்பக்கம் பார்க்க வேண்டியிருந்தால், திருகாணியின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். வீட்டுத் திருப்புளியால் வழுக்கிச் சிதைந்த திருகாணித் தலை, தெரிந்தவர் கண்ணில் முதலில் படும். குழலைக் கட்டையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அதைப் பிடித்திருப்பவை மரத்தின் குறுக்கே போகும் மெல்லிய ஊசிகள். தட்டும்போது மரச்சில்லோடு வெளியே வரும்.

12. வைக்கும் இடம்.

சமையலறைச் சுவர், கணப்புக்கு மேலே, வெயில் விழும் சன்னல் ஓரம் மூன்றும் ஆகாது. தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள்; தோலில் உள்ள அமிலமும் ஈரமும் எஃகைத் தின்னும். ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்காத உள்ளறையில், பூட்டிய அலமாரியில் படுக்க வையுங்கள். கையுறை போட்டு எடுங்கள். வியர்வையின் உப்பால் விரல் ரேகை வடிவிலேயே துருப்பிடிக்கும்.

13. சுடாதீர்கள்.

குழலின் உட்புற வெடிப்பு வெளியே தெரியாது. சுட ஆசை இருந்தால் சோதிக்கப்பட்ட புது மாதிரி ஒன்றை வாங்கி, உரிமம் எடுத்து, சங்கத்தில் சேர்ந்து சுடுங்கள்.

14. சட்டம்.

பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பழம்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் தொன்மையான துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கிறது. 2021இல் வந்த விதிகள் எது தொன்மை என்பதற்குத் தெளிவான வரையறை தந்தன. குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் இருநூறு வயதுத் துப்பாக்கி அதற்குள் அடங்கும். சுடும் எண்ணம் வந்த அன்றே அந்த விலக்கு போய்விடும். கரிமருந்தும் குண்டும் அதன் பக்கத்தில் வைத்திருந்தால் 'அலங்காரம்' என்ற வாதம் நிற்காது. சிறைத் தண்டனை பெற்றவர்கள் சிலருக்குத் தொன்மையான துப்பாக்கியும் தடை. வெளியே கொண்டுபோகும்போது மூடிய பெட்டியில், ரசீதோடு, போகும் காரியத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படாத தொன்மையான ஆயுதங்களுக்குத்தான் விலக்கு தருகிறது. நல்ல நிலையில் உள்ள சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அது தானாகக் கிடைத்துவிடாது. எழுத்தில் அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருப்பதை இங்கே கொண்டுவரவும் நினைக்காதீர்கள். நூறு ஆண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன, வெளியேற்றத் தடை இருக்கிறது.

15. எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தாள். மொத்த நீளம், குழல் நீளம், உள்விட்டம், எடை. முத்திரைகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று கையால் வரைந்த படம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள். அவர் யாரிடம் வாங்கினார். மாற்றப்பட்ட பகுதிகள் என்று உங்களுக்குத் தெரிந்தவை. நீங்கள் செய்த பராமரிப்பு. விற்கும்போது விலை குறையும் என்று எந்தக் குறையையும் மறைக்காதீர்கள். உங்களுக்குப் பின் வாங்குபவர் உங்கள் தாளைத்தான் நம்புவார். துப்பாக்கியின் மேல் எண் பொறிக்கவோ பசைச்சீட்டு ஒட்டவோ வேண்டாம். பருத்தி நூலில் சிறு அட்டை கட்டினால் போதும். தாள்கள் இருக்கும் இடத்தையும், விற்பதென்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.